நாட்டுத் தக்காளிக்கு எது நாடு?

'நாட்டுத் தக்காளி' என்ற பெயரிலேயே ஒரு முரண் இருக்கிறது. தக்காளி இந்நாட்டுச் செடியே அன்று. தென்னமெரிக்காவில் காட்டுச் செடியாகத் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, ஐரோப்பியரோடு கப்பலேறி வந்தது. நம் மணத்தக்காளியோடு பெயரைப் பகிர்ந்துகொண்டு அடுக்களையில் குடியேறியது. அது எப்போது 'நாட்டு' ஆயிற்று?

நம்மவர்கள் அதன் விதையை எடுத்து வைக்கத் தொடங்கியபோது என்பதே எங்கள் கருத்து. ஆண்டுதோறும் யாரோ ஒருத்தி நல்ல பழமொன்றைச் செடியிலேயே கனியவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி வைத்தாள். ரசத்துக்கேற்ற புளிப்பும் உள்ளூர் வெயிலைத் தாங்கும் திடமும் அவள் பார்த்துத் தேர்ந்தவை. தலைமுறைகளாகத் தொடர்ந்த அத்தேர்வே நாட்டு ரகம்.

சந்தையின் தேர்வு வேறு. பழம் முழுவதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்பதற்காகப் பல ரகங்களில் புகுத்தப்பட்ட ஓர் இயல்பு, காயின் பச்சையத்தைக் குறைத்து, பழத்தின் சர்க்கரையையும் குறைத்துவிட்டது என்பதை 2012இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணுக்குக் கிடைத்ததை நாக்கு இழந்தது.

வீரிய ஒட்டு ரகங்களைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. விளைச்சலை நம்பி வாழும் உழவருக்கு அவை தேவைப்படலாம். ஆனால் அவற்றின் விதை அடுத்த தலைமுறையில் தாயைப் போல வருவதில்லை. விளைச்சல் நெருக்கடி இல்லாத வீட்டுத் தோட்டம்தான் நாட்டு ரகத்துக்கு உரிய இடம்.

அதற்குப் பெரிய முயற்சியும் வேண்டியதில்லை. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. நன்கு கனிந்த பழத்தின் விதையைச் சாறோடு பிழிந்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால், விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு கரைந்துவிடும். கழுவும்போது அடியில் தங்கும் விதைகளை நிழலில் உலர்த்தி வைத்தால், அடுத்த பருவத்துக்கு ஆயிற்று.

இதையெல்லாம் நாங்கள் காலம் கடந்தே கற்றோம். எங்கள் பாட்டி வைத்திருந்த, தட்டையாகவும் வரிவரியாகவும் காய்க்கும் புளிப்புத் தக்காளி இன்று எங்களிடம் இல்லை. அதை யாரும் அழிக்கவில்லை. அவருக்குப் பின் பல ஆண்டுகள் யாரும் விதைக்கவில்லை, அவ்வளவே. பின்னொரு நாள் அவர் மடித்து வைத்த பொட்டலம் கிடைத்தது. விதைத்தோம், ஒன்றும் முளைக்கவில்லை.

வாசிப்பாரற்ற நூல் அலமாரியில் நூறாண்டு காத்திருக்கும். விதை அவ்வளவு காலம் காத்திராது. உங்கள் வீட்டில் இன்னும் ஒரு பொட்டலம் இருக்குமானால், இந்தப் பருவத்திலேயே விதையுங்கள்; பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் கொடுங்கள்.