குசினியிலிருந்து தொடங்குவோம்

2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பை அண்டிய மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குற்றத்தை அதிகாரிகள் மீது சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டோம். ஆனால் இலங்கையின் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடியது. மரக்கறித் தோலும் தேங்காய்ப்பூச் சக்கையும் பழைய சோறுமாக அது எங்கள் குசினிகளிலிருந்தே போகிறது.

நாம் எறிவதை நாடு விலைக்கு வாங்க முற்பட்டதுதான் வேடிக்கை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. பின்னர் சீனாவிலிருந்து சேதனப் பசளை கப்பலில் வந்தது. அதில் தீங்கான பக்டீரியா உண்டென்று எமது அதிகாரிகள் ஏற்க மறுத்தனர். ஆயினும் 2022 ஜனவரியில் 69 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது. இதற்கிடையில் விவசாயிகள் வீதிக்கு இறங்க, 2021 நவம்பரிலேயே தடை விலக்கப்பட்டிருந்தது.

இந்த அனுபவத்தின் பின் சேதனப் பசளை என்றாலே பலர் நகைக்கிறார்கள். அது தவறான முடிவு. கூட்டெரு ஒரே போகத்தில் வயலுக்கு யூரியாவின் இடத்தை நிரப்பாது என்பது மெய். ஆனால் நாலு கத்தரிக்கும் இரண்டு முருங்கைக்கும் அது தாராளம். பிழை பசளையில் இல்லை, அவசரத்தில் இருந்தது.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இது புதிய வித்தையுமன்று. பூவரசங்குழையை வெட்டிச் செம்மண்ணில் தாழ்த்தவும், ஆட்டுப்பட்டி அடைத்து நிலத்துக்கு உரமேற்றவும் அவர்கள் அறிந்திருந்தார்கள். பசளைப் பை மலிந்தபோது நாம்தான் மறந்தோம்.

தொடங்குவதற்குப் பணம் தேவையில்லை. குசினியில் இரண்டு வாளி வையுங்கள். ஒன்று உக்குவதற்கு, மற்றது பொலித்தீனுக்கும் போத்தலுக்கும். கிணற்றிலிருந்து தள்ளி, வளவின் நிழலான மூலையில் ஒரு குவியல் போதும். வளவில்லாதோர் அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட பழைய பரலைப் பயன்படுத்தலாம். ஒரு பங்கு குசினிக் கழிவுக்கு இரண்டு, மூன்று பங்கு காய்ந்த சருகு என்று அடுக்குங்கள். இடையிடையே ஒரு பிடி மண்ணோ சாணமோ தூவுங்கள். பிழிந்த துணியளவு ஈரம் இருக்கட்டும். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். நாறினால் காற்றுப் போதவில்லை, அல்லது ஈரம் மிகுதி. கிளறிச் சருகைக் கூட்டுங்கள். மீன், இறைச்சி, எண்ணெய் சேர்த்தால் எலியும் நாயும் வரும். எமது வெப்பத்தில் இரண்டு, மூன்று மாதத்தில் மண்வாசனையுடன் கறுத்த எரு கிடைக்கும்.

டொரொன்டோவில் வாழும் எம்மவர் உணவுக் கழிவைப் பச்சைத் தொட்டியில் தவறாமல் பிரித்துப் போடுகிறார்கள். அவர்களின் ஊர் வளவுகளிலோ மாவிலைச் சருகைக் கூட்டி எரிக்கிறோம். அங்கே சட்டம் செய்விப்பதை இங்கே பழக்கம் செய்விக்க வேண்டும். நாளைக் காலை வளவு கூட்டும்போது நெருப்புப் பெட்டியைத் தேடாமலிருப்பதே முதற்படி.