மண்புழு உலோக நஞ்சைத் தின்று தீர்க்காது

"மண்புழுவை விடுங்கள், நிலத்தில் உள்ள நஞ்சையெல்லாம் அது தின்று தீர்த்துவிடும்." இயற்கை வேளாண்மை பேசுவோர் பலர் சொல்வது இது. தூத்துக்குடியில் இதை நம்புவது ஆபத்து. 2018 ஏப்ரலில் அங்குள்ள ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் அனுமதியைப் புதுப்பிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுத்தது. உப்பாற்று ஓடையோரமும் பட்டா நிலங்களிலும் கொட்டிய தாமிரக் கசடை ஆலை அகற்றவில்லை என்பதும் அதற்கான காரணங்களில் ஒன்று. அந்தக் கசடை ஒட்டிப் புன்செய் வைத்திருப்பவருக்குப் புழு விடச் சொல்வது பரிகாரமா?

காட்மியம், ஈயம் போன்ற உலோக நஞ்சுகள் தனிமங்கள். எந்தக் குடலும் அவற்றைச் சிதைக்காது. புழு காட்மியத்தை உடம்பில் சேர்த்துவைக்கும் என்பது உண்மைதான். எவ்வளவு? ஒரு ஏக்கரின் மேல்மண், அரையடி ஆழத்துக்கு, சுமார் 800 டன். கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியம் என்றால் மொத்தம் 800 கிராம். அந்த ஏக்கரில் 200 கிலோ புழு இருப்பதாகத் தாராளமாக வைத்துக்கொள்வோம்; ஈரம் போனால் 40 கிலோ. மண்ணில் உள்ளதைப்போல் இருபது மடங்கு அது சேர்த்தாலும் 0.8 கிராம்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு! புழு செத்தால் அதுவும் மண்ணுக்கே திரும்பும். உழவின் பின்னால் வரும் கொக்கு பொறுக்கினால் கொக்குக்குப் போகும்.

செம்போ புழுவுக்கே நஞ்சு. செம்பு மிகுந்த மண்ணை விட்டு அது விலகிப்போகும், இனப்பெருக்கமும் குறையும். உரத் தொட்டியில் வளர்க்கும் ஆப்பிரிக்கப் புழு நிழலும் ஈரமும் குப்பையும் கேட்பது. சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் மானாவாரிக் கரிசலில் அதை விடுவது வீண்செலவு.

புழு இருந்தால் நிலம் சுத்தம் என்பதும் தவறு. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கைவிடப்பட்ட ஆர்சனிக் சுரங்கக் கழிவிலும் மண்புழு வாழ்கிறது.

ஆலைக் கழிவை மண்புழு உரமாக்கினால் பாதுகாப்பு என்கிறார்களே, அது இன்னும் மோசம். மக்கும்போது குப்பையின் எடை குறையும், உலோகம் குறையாது. ஆகவே கிலோவுக்கான அளவு ஏறும். மண்புழு உரத்தில் காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராமையும் ஈயம் 100 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என்று உரக் கட்டுப்பாட்டு ஆணையே வரம்பு வைத்திருக்கிறது.

மண்புழு மண்ணைப் பொலபொலப்பாக்கும், நீரை இறங்கவைக்கும். அதற்காக அதைக் கொண்டாடுவோம். உலோக நஞ்சுக்கு முதல் வேலை கசடை அள்ளுவது. அதைச் செய்யவேண்டியவர்கள் கொட்டியவர்களும் வாரியமும்தான். ஓடையோர உழவர்களே, சாதாரண மண் பரிசோதனையில் காட்மியமும் ஆர்சனிக்கும் வராது. அவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.