வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்

ஆவணி பிறந்து விடுமுறை முடிந்ததும் நம் மாவட்டத்தில் வருடாவருடம் ஒரு சடங்கு நடக்கும். துபாய், மஸ்கட், தோஹா என்று வேலை பார்க்கும் பிள்ளைகள், ஒரு மாதம் TN 74, TN 75 எண்களில் ஓட்டித் திரிந்த காரைக் கழுவி, ஷெட்டில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிவிட்டு விமானம் ஏறுவார்கள். ஏறுவதற்கு முன்பு தகப்பனாரிடம் சொல்வது இதுதான்: "அப்பா, வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிசம் ஓட விட்டாப் போதும். வெளிய எடுக்கண்டாம்."

இந்த யோசனையைப் போலக் காரையும் கெடுத்து, வீட்டுப் பெரியவரையும் கெடுக்கும் யோசனை வேறு கிடையாது என்பது என் கட்சி. எழுபது கடந்த தகப்பன்மார் பலர் இதை ஏதோ விரதம் மாதிரி ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்துகொண்டிருக்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன்.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் குளிர்காலத்துக்குக் காரை மூடி வைப்பது ஒரு பெரிய ஏற்பாடு. பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு அடித்தகட்டை அரிக்கும் என்று பயந்து நாலைந்து மாதம் வண்டியை வெளியே எடுக்காதவர்கள் உண்டு. நமக்குக் குளிர்காலம் ஏது என்று கேட்கலாம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் 'இவெர்னாஜ்' என்று ஒரு சொல் உண்டு. கப்பலைக் குளிர்காலம் முடியும்வரை துறைமுகத்தில் கட்டி வைப்பதற்கும் அதுதான் பெயர். செனகல் போன்ற வெப்ப நாடுகளில் மழைக்காலத்துக்கும் அதுதான் பெயர். நமக்கும் அந்தக் கணக்குத்தான் பொருந்தும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. பிள்ளைகள் கிளம்பிய கையோடு ஐப்பசி, கார்த்திகை வந்துவிடும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் வீடென்றால் சாலையில் யாரும் உப்பு தூவ வேண்டாம், கடற்காற்றே கொண்டுவந்து தூவிவிடும். உறைபனி ஒன்றைத் தவிர மற்ற எதிரிகள் எல்லாம் நம் ஷெட்டிலும் இருக்கிறார்கள்: ஈரம், உப்பு, எலி, நாள்கணக்கு.

இப்போது அந்த 'அஞ்சு நிமிசம்' என்ன செய்கிறது என்று பார்ப்போம். குமாஸ்தா வேலை பார்த்தவனுக்குக் கணக்கில்தான் நம்பிக்கை.

வண்டி நிற்கும்போதும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் பேட்டரியிலிருந்து துளித்துளியாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் என்பது 168 மணி நேரம். பெருக்கினால் ஏறக்குறைய 5 ஆம்பியர்-மணி செலவு. வரவு எவ்வளவு? ஐந்து நிமிடம் இன்ஜின் சும்மா ஓடும்போது பேட்டரிக்கு 15 ஆம்பியர் ஏறுகிறது என்று தாராளமாகவே வைப்போம். கிடைப்பது ஒன்றேகால் ஆம்பியர்-மணி. ஸ்டார்ட் பண்ணச் செலவானது வேறு கழியும். வாரம் ஐந்து ரூபாய் செலவழித்து ஒன்றேகால் ரூபாய் போட்டுக்கொண்டிருக்கும் வங்கிக் கணக்கு எத்தனை நாள் தாங்கும்? சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. இரண்டு மாதத்தில் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வரும். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது.

அடுத்தது தண்ணீர். பெட்ரோல் எரிந்தால் புகை மட்டும் வருவதில்லை, நீராவியும் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். சாலையில் ஓடி இன்ஜினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகவே வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் எதுவும் சூடேறுவதில்லை. நாலைந்து மேசைக்கரண்டி தண்ணீர் உண்டாகி, அதில் ஒரு பங்கு சைலன்சர் குழாய்க்குள்ளேயும் இன்ஜின் ஆயிலிலும் தங்கிவிடும். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாவது இப்படித்தான். வண்டியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாரா வாரம் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

மூன்றாவதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். மழை அடிக்கிறது என்று ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று ஸ்டார்ட் பண்ணுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த இன்ஜின் முதல் சில நிமிடங்களில்தான் அதிகமாகக் கார்பன் மோனாக்சைடு கக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி சூடேறாமல் வேலையை ஆரம்பிக்காது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிமானத்தோடு உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, அசதி. நம் வயதில் இவை வந்தால் என்ன சொல்வோம்? "பிரஷர் கூடிப்போச்சு போல" என்று கட்டிலில் போய்ப் படுப்போம். ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவருக்கு இது விளையாட்டல்ல. ஐயாயிரம் ரூபாய் பேட்டரிக்காகத் தகப்பனை விஷப்புகையில் நிறுத்துகிறோம் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. தெரிந்தால் சொல்லமாட்டான். தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"ஸ்டார்ட் பண்ணாம விட்டா இன்ஜின் ஜாமாயிடுமே ஓய்?" என்று கேட்பீர்கள். அம்பாசிடர், ஃபியட் காலத்தில் கார்புரேட்டரில் பெட்ரோல் வற்றிக் காய்ந்துபோகும் என்ற பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றைய பெட்ரோல் கார்களில் கார்புரேட்டரே கிடையாது. புது ஆயில் ஊற்றி ஈரமில்லாத இடத்தில் நிறுத்திய இன்ஜின் நாலைந்து மாதத்தில் இறுகிப்போகாது. அரைகுறையாகச் சூடேற்றித் தண்ணீர் கோக்க விட்ட இன்ஜினுக்குத்தான் ஆபத்து அதிகம்.

அப்படியானால் என்ன செய்வது? இரண்டே வழி. ஒன்று, முறையாக உறங்க வையுங்கள். இல்லையென்றால் முறையாக ஓட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று உறுமவிடுவதுதான் தப்பு.

உறங்க வைப்பதென்றால் கிளம்புவதற்கு முந்தின நாள் அரைநாள் வேலை:

1. அடித்தகடு, சக்கரத்தின் உட்பக்கம் வரை நல்ல தண்ணீரால் கழுவி, ஒரு பத்து மைல் ஓட்டி ஈரத்தைக் காயவிட்டுப் பிறகு ஷெட்டில் ஏற்றுங்கள்.

2. ஆயிலை மாற்றுங்கள். ஓடிக் கறுத்த ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். அது மாதக்கணக்கில் இன்ஜினுக்குள் ஊறக் கூடாது. ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நமக்கு உறைபனி இல்லாவிட்டாலும் கூலன்ட் துருவைத் தடுக்கும்.

3. டேங்கை நிரப்புங்கள். இப்போது வருவது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் காற்று குறைந்தால் ஈரமும் குறையும்.

4. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி கழற்றிய நிலையில் சில மாதம் தாங்கும். ரிமோட் வேலை செய்யாது. கதவைச் சாவியால் திறக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

5. ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். மழை ஈரத்தில் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். டயரில் காற்று நாலைந்து பாயிண்ட் கூடுதலாக இருக்கட்டும்.

6. பிளாஸ்டிக் உறையையும் தார்ப்பாயையும் தூர எறியுங்கள். உள்ளே ஈரம் வேர்த்துப் பெயின்ட் பொருமும். காற்றுப் போகும் துணி உறை போதும்.

7. அதே ஷெட்டில் நெல் மூட்டையும் தேங்காயும் அடுக்காதீர்கள். எலிக்குச் சாப்பாடும் போட்டு, கடிக்க வயரும் கொடுத்த மாதிரி ஆகும். வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது செய்தே தீர வேண்டுமென்றால் பானட்டைத் திறந்து பாருங்கள். அது நல்ல பழக்கம்.

8. மரத்தடி வேண்டாம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்தில் சாய்ந்த மரங்களை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 நவம்பர் மாதிரி வெள்ளம் வந்து தண்ணீர் வண்டிக்குள் ஏறிவிட்டால் சாவியைத் தொடவே தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்டார்ட் பண்ணியதால் வந்த சேதம் என்று சொல்லி இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரிக்கவும் இடம் கொடுத்ததாகும்.

காகிதத்தையும் உறங்க விடாதீர்கள். வண்டி ஷெட்டில்தானே நிற்கிறது என்று இன்ஷூரன்ஸை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் அத்தனையும் போய்விடும். அரசாங்கம் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, வருடத்தைத்தான் பார்க்கும். வருடத்துக்கு ஒரு மாதம் ஓடும் வண்டி 15 வருடத்தில் ஓடியது மொத்தம் 15 மாதம். ஆனாலும் ஆர்சி புத்தகத்தில் அது கிழவன்தான். பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 600 ரூபாயில் இருந்து 5,000 ஆகிவிட்டது. உறங்குகிற வண்டிக்கும் அதே தொகைதான்.

இனி இரண்டாவது வழி. இதைத்தான் நான் உண்மையில் சிபாரிசு செய்கிறேன்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, லைசென்ஸ் உள்ள நம்பிக்கையான ஒரு டிரைவரை வைத்து, நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை போய்த் திரும்புங்கள். போக 20 கிலோமீட்டர், வர 20. ஆயில் சூடேறும், தண்ணீர் ஆவியாகும், பேட்டரி நிறையும், டயர் உருளும், பிரேக் துரு உதிரும். மேலே சொன்ன எட்டு வேலையில் பாதி தேவைப்படாது. டிரைவர் கூலியும் பெட்ரோலும் சேர்த்தாலும் பேட்டரி, சைலன்சர், வயரிங் செலவை நினைத்தால் நஷ்டமில்லை. போகிற வழியில் சுசீந்திரத்தில் இறங்கித் தாணுமாலயனைக் கும்பிட்டுவிட்டு வரலாம். பின் சீட்டில் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் நிபந்தனை.

ஏனென்றால் நான் அன்றாடம் பார்ப்பது வேறு. ஷெட்டில் எட்டு லட்ச ரூபாய் வண்டி உறையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதன் சொந்தக்காரனைப் பெற்றவர்கள் மூட்டு வலியோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்கள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போக மழையில் ஆட்டோவுக்குக் கை காட்டுகிறார்கள். கேட்டால், "அது அவனுக்க வண்டியாக்கும், கீறல் விழுந்தா சங்கடப்படுவான்" என்கிறார்கள். மகன் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டான். 'வெளிய எடுக்கண்டாம்' என்று அவன் பேச்சுவாக்கில் சொன்னதை இவர்கள் அரசாணையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே மக்களே, அடுத்த தடவை போனில் பேசும்போது ஆணையை மாற்றிப் போடுங்கள். "அப்பா, வண்டியை ஸ்டார்ட் பண்ணண்டாம். டிரைவரைக் கூப்பிட்டு அம்மையையும் கூட்டிக்கிட்டு ஒரு நடை போயிட்டு வாங்க. கீறல் விழுந்தா விழட்டு."