உப்பளத்துக் கைரேகைகள்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் பாத்தி வாரும் கைகள் உப்புநீரில் ஊறி, வெடித்து, ரேகை தேய்பவை. கைரேகை சரிபார்க்கும் கருவியில் விரல் பதியாதபோது, துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2021 ஆகஸ்ட் 26-இல் தொடங்கிய இ-ஷ்ரம் தளம், உப்பளத்தில் உழைப்பவர் உள்ளிட்ட அமைப்புசாராத் தொழிலாளரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, தொழில், கல்வி விவரங்களைத் திரட்டுகிறது. பதிந்தவர்கள் 30 கோடிக்கும் மேல். மழைக்காலத்தில் பாத்தி மூழ்கி வேலையிழப்பவருக்கு உதவி சேர, இத்தகைய பட்டியல் தேவைதான். ஆனால் பட்டியல் பெரிதாகும்போது அது கசிந்தால் வரும் கேடும் பெரிதாகும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, மானியம், சலுகை வழங்குவதற்காக அரசு தனியே சம்மதம் கேட்காமலே விவரங்களைக் கையாள இடம் தருகிறது. உதவித்தொகையை நம்பியிருக்கும் குடும்பத்திடம் கேட்டாலும், அது மறுக்கக்கூடிய நிலையிலா இருக்கிறது? ஆகவே பொறுப்பு திரட்டுபவருடையது. எந்த விவரம், எதற்காக, எத்தனை காலத்துக்கு என்பதைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். பிழை திருத்தம் மரக்காணம் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே முடிய வேண்டும். ரேகை பதியவில்லை என்பதற்காக ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது.