காவலுக்கு அக்காள்: இதுதானா குழந்தைக் காப்பகம்?

“பெற்ற பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஒரு தாய் வேலைக்குப் போகலாமா?” படித்தவர் வீடுகளில் இன்று இது ஒரு பெரிய விவாதம். போகலாம் என்பவர் உண்டு. தாய் மடிக்கு ஈடு உண்டா என்று கண் கலங்குபவரும் உண்டு.

திருவாலங்காட்டுப் பக்கம் வந்து, உழைக்கும் பெண் ஒருத்தியிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவள் சிரிப்பாள். வேலைக்குப் போனால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். ஆகவே போகலாமா என்ற கேள்வியே அவளுக்கு இல்லை. அவளுக்குள்ள கேள்வி ஒன்றே ஒன்று: போகும்போது பிள்ளையை யாரிடம் விடுவது?

கரும்பு வெட்டும் பருவத்தில் பிள்ளை வரப்போரம் துணி விரித்துக் கிடக்கிறது. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் தறி வீடுகளில், தறிச் சத்தத்துக்கும் நூல் தூசிக்கும் நடுவே தூளி ஆடுகிறது. செங்கல் சூளையில் பிள்ளை மண்ணோடு மண்ணாக உருளுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு இருட்டில் பஸ் ஏறும் பெண், தூங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடுகிறாள்.

“பாட்டி இருக்கிறாளே” என்பார்கள். ஏழை வீட்டில் பாட்டியும் கூலிக்காரிதான். பின் யார்? அக்காள்! ஒன்பது, பத்து வயதுச் சிறுமி. தம்பி இடுப்பில் ஏறினால் புத்தகப் பை தோளிலிருந்து இறங்கிவிடுகிறது.

காப்பகம் நல்லதா கெட்டதா என்று வாதாடும் கனவான்களே! காப்பகம் எங்கள் தெருக்களில் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குக் கட்டடம் இல்லை, சம்பளம் இல்லை, லீவு இல்லை. 6 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி என்று 2009ல் சட்டம் இயற்றினீர்கள். எந்தச் சிறுமிக்காக அதை எழுதினீர்களோ, அவள் தலையில்தான் இந்தக் காப்பகம் நடக்கிறது. இதைப் பற்றி ஏன் உங்கள் கண் கலங்கவில்லை?

மடி எப்போது புனிதமாகிறது?

தாய் மடியின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமை யாருக்கு, எப்போது நினைவுக்கு வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டனில் ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். குண்டு செய்யும் ஆலைகளுக்குப் பெண்களின் கை தேவைப்பட்டது. உடனே சர்க்கார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைக் காப்பகங்களைத் திறந்தது. அப்போது எவரும் தாய் மடியைப் பற்றிப் பிரசங்கம் செய்து அவற்றை மூடவில்லை. 1945ல் யுத்தம் முடிந்தது. சர்க்கார் பணத்தை நிறுத்தியது. காப்பகங்கள் ஒவ்வொன்றாக மூடின. தாயின் இடம் வீடு என்ற உபதேசம் திரும்பி வந்தது!

இங்கும் அதே கணக்குத்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் செல்போன் ஆலையொன்றில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. நிர்வாகம் அதை மறுத்தது. ஒன்றிய சர்க்கார் தமிழக சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. அந்த ஓர் ஆலையின் கதை எப்படியானாலும், பிள்ளை இல்லாத கைகள் மட்டும் வேண்டும் என்ற ஆசை முதலாளிகளுக்குப் புதிதல்ல. தொட்டில் கட்டும் செலவைவிடத் தாயை வாசலிலேயே நிறுத்துவது மலிவு அல்லவா?

சட்டம் இருக்கிறது, தொட்டில் எங்கே?

சட்டத்துக்குக் குறைவில்லை. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்றது 1948ன் தொழிற்சாலைச் சட்டம். 1976ல் அந்த எண் 30 ஆகக் குறைக்கப்பட்டது. தேயிலைத் தோட்டப் பெண்களுக்காக 1951லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. இப்போது, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஆண் பெண் என்று பாராமல் 50 தொழிலாளருக்கு மேல் என்கிறது. தகப்பனையும் கணக்கில் சேர்த்தது நியாயமே. ஆனால் 30 பெண்களுக்கு மேல் வைத்து வேலை வாங்கும் சிறு ஆலை, மொத்த ஆள் ஐம்பதைத் தாண்டாவிட்டால் தப்பித்துக்கொள்ளும். வயலிலும் வீட்டுத் தறியிலும் உழைப்பவளுக்கோ எந்த எண்ணிலும் இடமில்லை.

நூறு நாள் வேலைக்கான 2005ன் சட்டத்தில், ஓரிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தது. எத்தனை ஏரிக்கரையில் அது நடந்தது என்று, மண் சுமந்த பெண்களைக் கேளுங்கள். இவையெல்லாம் போக, ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் தர அரசு முயல வேண்டும் என்று 2002ல் அரசியல் சட்டத்தின் 45வது ஷரத்து திருத்தப்பட்டது. முயன்றது போதும், தொட்டில் எங்கே?

பால்வாடி போதாதா?

“அதுதான் பால்வாடி இருக்கிறதே” என்பார்கள். 1975 அக்டோபர் 2ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட மையங்கள் உள்ளன. முட்டையும் சோறும் பாட்டும் தரும் அந்த இடம் ஏழைக் குழந்தையின் உரிமை. ஆனால் இரண்டு வயதாகாத பிள்ளைக்கு அங்கே சத்துமாவு உண்டு, பகல் முழுவதும் இருக்க இடம் இல்லை. பெரிய பிள்ளைக்கும் பிற்பகலில் கதவு சாத்தப்படுகிறது; தாயின் வேலையோ பொழுது சாய்ந்துதான் முடிகிறது.

ஒன்றிய சர்க்கார் 2022ல் ‘பால்னா’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது: அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம். நல்லது. ஆனால் அதற்கு வைத்த இலக்கே 17 ஆயிரம். நாட்டில் அங்கன்வாடிகள் சுமார் 14 லட்சம். எண்பது மையத்துக்கு ஒன்று!

பிள்ளையைப் பார்க்கும் பெண்ணுக்கு என்ன மதிப்பு? 2018ல் ஒன்றிய சர்க்கார் நிர்ணயித்த தொகை ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலம் தன் பங்கைச் சேர்த்தே தருகிறது. அப்போதும் அதன் பெயர் சம்பளம் அல்ல, ‘மதிப்பூதியம்’! இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதற்கே 2022ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

தாயின் பயம் நியாயமானது

காப்பகத்தில் பிள்ளை அழுமே, நோய் ஒட்டுமே, எங்கள் பிள்ளையை ஒதுக்கி உட்கார வைப்பார்களோ என்று தாய் பயப்படுகிறாள். அந்தப் பயத்தைக் கேலி செய்கிறவன் உழைப்பாளி வீட்டை அறியாதவன். ஒரே ஊழியரிடம் முப்பது பிள்ளைகளைத் தள்ளிவிட்டால் அது காப்பகம் அல்ல, பட்டி. ஆகவேதான் நாம் வெறும் கட்டடம் கேட்கவில்லை. ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்க வேண்டும். தாயின் வேலை நேரமே காப்பகத்தின் நேரமாக வேண்டும். கைக்குழந்தைகளுக்கென்று தனி ஆள், பால், சுத்தமான தண்ணீர், கழிப்பிடம் வேண்டும். ஊழியருக்கு முறையான சம்பளம் வேண்டும். ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே பாயில் படுக்க வேண்டும். இப்படி ஓர் இடம் இருந்தால், பிள்ளையை விடலாமா என்று தாய் நிம்மதியாக யோசிக்கலாம். அது வரும்வரை அந்தக் கேள்வி வசதி படைத்தவரின் கேள்விதான்.

திருவாலங்காட்டுக்கு அடுத்த பழையனூரில் நீலி கதை சொல்வார்கள். கள்ளிக்கொம்பு ஒன்றைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நியாயம் கேட்டாளாம். அவளுக்காக ஊர்ச்சபை கூடியது. கொடுத்த வாக்குத் தவறியதற்காக எழுபது வேளாளர் தீயில் இறங்கினார்களாம். அந்த நீலி கொண்டுவந்தது பொய்ப் பிள்ளை. எங்கள் பெண்கள் இடுப்பில் இருப்பது மெய்ப் பிள்ளை. இவர்கள் கண்ணீரை நீலிக் கண்ணீர் என்று எவரும் தள்ள முடியாது. ஆளுவோர் தீயில் இறங்க வேண்டாம். எழுதிக் கொடுத்த வாக்குப்படி தொட்டிலைக் கட்டினால் போதும்!

உழைக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே! அடுத்த கிராம சபையில் காப்பகத்தை முதல் தீர்மானமாக வையுங்கள். ஆலை வாசலில் கூலி உயர்வோடு தொட்டிலையும் கேளுங்கள். தம்பியை இறக்கி வைத்துவிட்டு அக்காள் பள்ளிக்கூடம் போகும் வரை இந்தக் கோரிக்கையைக் கைவிடாதீர்கள்!