அரண்மனை ஒற்றரும் நம் காலமும்

அரசவையைக் களமாகக் கொண்ட ஒற்றர் கதைகளுக்குத் தமிழ் வாசகரிடையே என்றும் தனி வரவேற்பு உண்டு. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வன்', 2022ஆம், 2023ஆம் ஆண்டுகளில் இரு திரைப்படங்களாக வந்தபோது, அவ்வரவேற்புச் சிறிதும் குன்றவில்லை என்பது புலனாயிற்று. கடம்பூர் மாளிகையில் நடந்த சதியாலோசனையை வந்தியத்தேவன் மறைந்திருந்து கேட்பதையும், முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றனான ஆழ்வார்க்கடியான் அடியார் கோலத்தில் நாடெங்கும் உலவுவதையும் படித்துப் படித்து மகிழ்கிறோம்.

இக்கதைகளை நானும் விரும்பிப் படிப்பவனே. ஆயினும், இன்றைய உலகச் செய்திகளோடு சேர்த்து நோக்குமிடத்து, இவை நம்மிடம் ஒரு மனப்பழக்கத்தை வளர்த்துவிட்டனவோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஒற்றனின் கண்கொண்டே அரசியலைப் பார்க்கிறோம். ஒற்றுக்கு இலக்கானவனின் வீட்டினுள் என்ன நேர்ந்தது என்று கேட்பதில்லை.

ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டு ஒன்று பேசுகிறது. இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக்குரியது அது. கதையில் நாம் சந்திக்கும் ரவிதாசனின் பெயர் அதிலும் உண்டு. ஆனால், அக்கல்வெட்டின் நோக்கம் சதியை விவரிப்பதன்று. துரோகிகளின் உறவினர் உடைமைகளைப் பறிமுதல் செய்வதே. நாவலை மூடிய பின் நம் நெஞ்சில் நிற்பவர்கள் வீரரும் ஒற்றரும். கல்லில் நிற்பவர்களோ உறவின் பொருட்டுத் தண்டம் இறுத்தவர்கள்.

நம் நாட்டுச் சரித்திரம் இதனினும் கொடியது. கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அவையைச் சுற்றி, ஆங்கில ஆட்சியின் அலுவலரான ஜோன் டொய்லி ஒற்றுவலை விரித்தார். பிக்குகளும் வணிகரும் அவருக்குச் செய்தி கொணர்ந்தமைக்கு அவருடைய நாட்குறிப்பே சான்று. அரண்மனையில் ஐயம் புகுந்தது. யாரையும் நம்ப இயலாத நிலை உண்டாயிற்று. 1814இல் பிரதானி எஹெலேபொல ஆங்கிலேயரிடம் சென்று சேர்ந்தார். மன்னனின் சினத்துக்குப் பலியானவர்களோ கண்டியில் அகப்பட்டிருந்த அவருடைய மனைவியும் பிள்ளைகளுமே. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கையோடு அவ்வரசும் முடிவுற்றது.

இவை பழங்கதைகள் என்று தள்ளிவிடலாமோ? 2021 ஒக்டோபரில் வெளியான இலண்டன் உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றை நோக்குவோம். துபாய் ஆட்சியாளரின் முன்னாள் மனைவியான இளவரசி ஹயா, பிள்ளைகள் பொருட்டு வழக்காடிக்கொண்டிருந்த வேளையில், அவருடைய கையடக்கத் தொலைபேசியில் 'பெகாசஸ்' என்னும் உளவு மென்பொருள் ஏவப்பட்டதென நீதிமன்றம் கண்டது. ஆட்சியாளரின் வெளிப்படையான அல்லது உட்கிடையான அனுமதியோடு அது நடந்ததென்றும் கூறியது. அவர் அதனை மறுத்தார். அவ்வலையில் விழுந்தவர் இளவரசி மட்டுமல்லர். அவருடைய சட்டத்தரணிகளும் உதவியாளரும் பாதுகாவலரும் அகப்பட்டனர். அன்று உறவு குற்றமாயிற்று. இன்று ஒருவரோடு உரையாடுதலே போதும்.

அரசுக்கு ஒற்று வேண்டாம் என்பது என் வாதமன்று. வள்ளுவரும் அதற்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஆராய வேண்டும் என்பது அவர் விதித்த காப்பு. ஆனால், அக்காப்பு அரசனின் கையிலேயே இருந்தது. அரசனையே ஆராய்வார் அக்காலத்தில் இல்லை. இன்று இருக்கின்றனர். இலண்டனில் உண்மையை வெளிக்கொணர்ந்தது நீதிமன்றமே. அதே மாதத்தில் பெகாசஸ் புகாரை ஆராய நிபுணர் குழுவொன்றை நியமித்ததும் இந்திய உச்ச நீதிமன்றமே.

ஆகவே, ஆழ்வார்க்கடியானின் சாமர்த்தியத்தை இரசிப்போம், அதில் தவறில்லை. ஆனால், நாட்டின் பாதுகாப்பு என்ற பெயரால் நம் காலத்து அரசுகள் மறைவான அதிகாரம் கேட்கும்போது, கதை வாசகராக அன்றிக் குடிமக்களாக நின்று ஒன்றைக் கேட்போம்: ஒற்றை ஏவுவோரை ஆராய்வார் யார்? அதற்கு விடை இல்லாத நாட்டில், முடி மறைந்தாலும் முடியாட்சி மறைவதில்லை.