அட்டையில் ஒட்டிய ஆமை

மயிலாப்பூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பாங்கில் பெரிய உத்தியோகம். நல்ல மனிதர், என் கதைகளைக்கூட விலை கொடுத்து வாங்கிப் படிப்பவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! தை மாதத்தில் ஒரு நாள் காலை, முகத்தில் கவலையோடு என் வீட்டுக்கு வந்தார்.

அவருடைய பெண் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். வனவிலங்குப் பாதுகாப்பில் மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி வேளையில் மணலில் நடந்து ஆமை முட்டை தேடுகிறார்களே சில மாணவர்கள், அவர்களோடு தானும் போக வேண்டும் என்கிறாளாம்.

"நீங்கள் சொன்னால் கேட்பாள், சார். புத்தகத்தில் இல்லாத ஆமையா மணலில் இருக்கிறது? கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்" என்றார்.

அன்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். நேரில் சொல்ல வராத பதிலை இப்போது எழுதுகிறேன்.

ஆம் ஐயா, புத்தகத்தில் இல்லாத ஆமைதான் மணலில் இருக்கிறது! எனக்கு இது தெரிய வந்த விதம் வெட்கக்கேடானது. வெகு நாளைக்கு முன் நான் எழுதிய ஒரு கதையில், தாய் ஆமை ஒன்று விடியும் வரை தன் முட்டைகளுக்குக் காவல் இருந்தது. வாசகர்கள் உருகினார்கள், நானும் உருகினேன். பிறகு ஒரு மாசி மாத இரவில் அந்த மாணவர்களோடு நடந்தேன். பங்குனி ஆமை ஒன்று கரையேறி, பின்னங்கால்களால் குழி பறித்து, நூறு முட்டை போல இட்டு, மணலை மூடி, உடம்பால் தட்டிச் சமன் செய்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போய்விட்டது.

"காவலுக்கு யார்?" என்று அசடு வழியக் கேட்டேன்.

"நாங்கள்தான், சார்" என்றான் ஒரு பையன்.

1988-ல் மாணவர்கள் தொடங்கிய காரியம் இது. நாயும் நரியும் தோண்டாமல் இருப்பதற்காக முட்டைகளை எடுத்து, வேலியிட்ட இடத்தில் தாய் பறித்த அதே ஆழத்துக்குக் குழி பறித்துப் புதைக்கிறார்கள். நேரம் கடத்தக் கூடாது. முட்டையைப் புரட்டிவிடக் கூடாது. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. ஏழு வாரம் போல் கழித்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் தெரியும் திசையில் ஓடும். ஒரு காலத்தில் அந்த வெளிச்சம் கடல், இன்று தெருவிளக்கு. இவையெல்லாம் புத்தகத்திலும் இருக்கின்றன. ஆனால் நூறு முட்டைகளைப் பையில் சுமந்துகொண்டு, கால் இடறாமல் நடக்கும் பொறுப்பு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

ராத்திரி நடையில் நண்பருக்குப் பயம். பெண்ணைப் பெற்றவரின் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். கூட்டமாகப் போகிறார்கள், நீங்களும் ஒரு நாள் கூடப் போய்ப் பாருங்கள். தியாகராய நகரில் கோச்சிங் வகுப்பு என்றால் இருட்டுப் பிரியுமுன் ஸ்கூட்டரில் கொண்டு விட்டவர்தானே நீங்கள்!

அதுவும் வேண்டாம் என்றால், அனுமதி வாங்கிப் பகலில் கிண்டிக்கு அனுப்புங்கள். 1978-ல் தேசியப் பூங்காவான அந்தக் காடு, ஊருக்கு நடுவே சுமார் 270 ஹெக்டேர் இருக்கிறது. அங்கே வெளிமான் வாழ்கிறது. பெயரிலேயே வெளி இருக்கிறது பாருங்கள்! எதிரியைத் தூரத்திலேயே கண்டு ஓடிப் பிழைக்கும் பிராணி. அதற்குத் திறந்த புல்வெளிதான் உயிர். புல்வெளியில் புதர் மண்டினால் அதற்குக் கஷ்டம். நாமோ நல்லெண்ணத்தோடு மரம் நடக் கிளம்பிவிடுவோம். நட்டுப் போட்டோவும் எடுத்துக்கொள்வோம். நாலு மாதம் அங்கே நின்று, மான்களை எண்ணி, அவை எங்கே மேய்கின்றன என்று குறித்துக்கொண்டவருக்குத்தான் 'இங்கே நடாதே' என்று சொல்லும் தைரியம் வரும். பட்டம் மட்டும் வாங்கிய அதிகாரி, மரக்கன்றுக் கோப்பில் கையெழுத்துப் போடுவார்.

இதற்கு முன்மாதிரி தேடி வெளிநாடு போக வேண்டாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் நம் மயிலாப்பூரில் வாழ்ந்தவர். 1950 முதல் 1996-ல் காலமாகும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் பிராணிகளைப் பற்றி எழுதினார். காட்டில் பார்த்ததை எழுதினார்; வீட்டு வாசலில் வந்த காக்கையையும் அணிலையும் அதே சிரத்தையோடு பார்த்து எழுதினார்.

2025 ஜனவரியில் நம் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். வருஷத்துக்குச் சில ஆமைகள் ஒதுங்குவது வழக்கந்தான். இது வழக்கமல்ல என்று ஊருக்கு எப்படித் தெரிந்தது? இத்தனை வருஷங்களாக ஒவ்வொரு இரவும் நடந்து எண்ணியவர்கள் இருந்ததால் தெரிந்தது. அவர்கள் வீட்டில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தால், நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியிருப்போம்.

நண்பரே, உங்கள் பெண் பள்ளியில் படித்தபோது ஓர் அட்டையில் ஆமைப் படம் ஒட்டி, 'எங்களைக் காப்பாற்றுங்கள்' என்று வர்ண எழுத்தில் எழுதிப் பரிசு வாங்கினாள். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து அதை ஒட்டியவர் நீங்கள். எனக்கே காட்டிப் பெருமைப்பட்டீர்கள். பத்து வருஷம் கழித்து, அட்டையில் எழுதியதை அவள் நிஜமாகவே செய்யக் கிளம்பியிருக்கிறாள். இப்போது வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறீர்களே, இது நியாயமா?

இதை எழுதும் வரை அவர் சம்மதிக்கவில்லை. பங்குனி முடிய இன்னும் நாள் இருக்கிறது. என் எழுத்தைத் தவறாமல் படிப்பவர் அவர், இதையும் படிப்பார்.